சுத்தமான வண்டி

சமக்காளத்தின் தலைமாட்டு முனைகள் இரண்டும் என் கையில் இருந்தன. கால்மாட்டு முனைகள் அவள் புருஷன் கையில். நடுவில் பிரசவ வலியோடு அந்தப் பெண் தொங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஆத்தா கூடவே ஓடிவந்து, முந்தானையை விரித்து அவள் முகத்துக்கு வெயில் மறைத்தாள். எங்களை இறக்கிவிட்ட பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கண்ணுக்கு மறைந்துவிட்டது. திருக்கோகர்ணமே இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி அதையும் தாண்டி, புதுக்கோட்டைக்கு உள்ளே இருந்தது.

“இந்தா கிட்டத்துலதான்னாரே கண்டக்டரய்யா,” என்றான் புருஷன், மூச்சு வாங்க.

“பேசாம நட,” என்றேன்.

சற்று நேரம் முன்புவரை அந்த பஸ்ஸில் நான் கரி போடுகிறவன். இரண்டாவது உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் வண்டிகளின் முதுகில் பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கரிமூட்டைகளின் மேல் உட்கார்ந்து, காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றி, நெருப்பு தணியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குமுன் கீரனூரில் கடலை மண்டியில் மூட்டை தூக்கினேன், நார்த்தாமலையில் கல் உடைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதன்பிறகு எந்த இடமும் என்னை நெடுநாள் பிடித்து வைத்ததில்லை. இந்த வேலையில் கண் எரியும், இருமல் வரும். சோறு கிடைத்தது.

கண்டக்டருக்குப் பெயர் இருந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

குன்றாண்டார்கோவிலிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் அந்தத் தடத்தில் எங்கள் வண்டிக்கு ஒரு பேர் உண்டு. சுத்தமான வண்டி. “குடும்பத்தோட ஏறணும்னா இந்த பஸ்ஸுதான்யா. உக்காந்த வேட்டி உக்காந்தபடியே இருக்கும்” என்பார்கள். உண்மைதான். விடிந்ததும் அவர் வாளியும் பினாயிலுமாக வந்துவிடுவார். பலகைகளைக் கழுவித் துடைப்பார். துடைக்க இரண்டு துணி வைத்திருந்தார். முன் இருக்கைகளுக்கு வெள்ளைத் துணி, பின் பலகைக்குப் பழைய சாக்குத் துண்டு. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டமாட்டார். கழுவி முடித்து, கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, ஒரு முழம் பூச்சுற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று மூக்கை உறிஞ்சி வண்டியை முகர்ந்து பார்ப்பார். “இப்ப இருக்கு பாரு தம்பி, கோயிலாட்டம்,” என்பார்.

அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வண்டியில் யாராவது குடையை மறந்துவிட்டுப் போனால் துணியில் சுற்றி வைத்திருந்து, மறுநாள் தேடிக் கொடுப்பார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்பினார். கொண்டுவந்த ஆளிடம் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார்: “குடிச்சிட்டுச் சட்டிய ஒடச்சிரச் சொல்லு. திருப்பிக் கொண்டாந்திராத.” பசியில் குடித்தேன். சட்டியை உடைத்தேன். அவரைத் திட்டவும் முடியாது, கையெடுத்துக் கும்பிடவும் முடியாது. இப்படி நம்மை நிறுத்திவைக்கத் தெரிந்தவர்.

பின் பலகையில் உட்காருகிறவர்கள் சேரிக்காரர்களும், வயல்வேலை முடித்துச் சேற்றோடு வருகிறவர்களும். அவர்களுக்கென்று ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்திருந்தார். காசை அவர் கையில் கொடுக்கக்கூடாது, செம்புக்குள் போடவேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசுகள் தண்ணீருக்குள் க்ளக் க்ளக் என்று விழும். ஊர் வந்து சேர்ந்ததும் தண்ணீரை வடித்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார். டிக்கெட்டை அவர்களின் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலேயிருந்து விடுவார். காற்றடித்தால் அது பறக்கும், அவர்கள் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர் டிக்கெட்டைக் கிழிப்பது எப்படித் தெரியுமா? வெற்றிலை போட்ட வாய்க்குள் பெருவிரலைக் கொடுத்து, நாக்கில் நன்றாக ஒரு தேய் தேய்த்து, அந்த ஈரத்தோடு கிழிப்பார். ஒவ்வொரு டிக்கெட்டின் ஓரத்திலும் அவர் எச்சில் சிவப்பாகப் படிந்திருக்கும். வண்டியில் இருந்த அத்தனை பேரும் அதை வாங்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். பல் குத்தக் கூட சிலர் அதையே சுருட்டிக்கொள்வார்கள். கீழே கிடக்கிற டிக்கெட்டை நான் காலால்தான் தள்ளுவேன்.

ஓடுகிற வண்டியில் ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைச் சாற்றைத் துப்புவார். காற்று அதைப் பின்பக்கம் கொண்டுவரும். பின்பக்கம் நான்தான் இருந்தேன். ஒருநாள் சட்டையைக் காட்டி, “என்னண்ணே இது,” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அன்பாகத்தான் பார்த்தார். “கரிச்சட்டதான தம்பி. அதுல எது பட்டா என்ன?” என்றார்.

டிரைவரிடம் சொன்னேன். டிரைவர் வண்டியைத் தவிர வேறு எதையும் காதில் வாங்காதவர். “அது ஒங்க பாடு,” என்றுவிட்டார்.

ஒரே ஒரு ஆள்தான் அந்த எச்சிலைக் கேள்வி கேட்டார். திருக்கோகர்ணத்தில் ஏறும் ஒரு சாஸ்திரிகள். அன்று முன் இருக்கையில் அமர்ந்து, கண்டக்டரின் பெருவிரல் வாய்க்குள் போய் வருவதைக் கவனித்துவிட்டார். டிக்கெட்டை நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஏன்டாப்பா, உன் எச்சிலை நான் கையிலே வாங்கிக்கணுமா?”

கண்டக்டர் திரும்பித் தனக்குப் பின்னால் யாரையோ தேடினார். வேறு யாரோ எச்சில் செய்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தார். “யாரு எச்சிலுங்க சாமி?”

“உன்னுதுதான்டா! வாயிலேர்ந்து இப்போதானே வந்தது அந்த விரல்? நான் ஸ்நானம் பண்ணிட்டு வந்திருக்கேன். எடுத்துண்டு போ.”

பின் பலகையில் யாரோ களுக்கென்று சிரித்தான். கண்டக்டரின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். அவமானம் இல்லை அதில். புரியாமைதான் இருந்தது. பெருவிரலை முகத்துக்கு நேராகத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த விரலில் அழுக்கு இருக்கக்கூடும் என்று அந்த வயது வரைக்கும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாளிலிருந்து சாஸ்திரிகளுக்கு மட்டும் விரலைத் தண்ணீரில் தொட்டு டிக்கெட் கிழித்தார். மற்றவர்களுக்குப் பழையபடி நாக்குதான். சாஸ்திரிகளுக்குத் தொட்ட தண்ணீர் எது? கைக்கு எட்டிய தண்ணீர். சேரிக்காரர்களின் காசு கிடந்த அந்தச் செம்புத் தண்ணீர். அவசரத்தில் அவர் அதை யோசிக்கவில்லை. சாஸ்திரிகள் தண்ணீரைப் பார்த்தார், திருப்தியாக வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு பேரும் சுத்தமாக இருந்தார்கள். கரிமூட்டையின் மேல் உட்கார்ந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இரண்டொரு நாள் சிரிப்பு வந்தது. பிறகு சாஸ்திரிகள் ஏறினாலே முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இன்னொரு நாள் கீரனூர் சந்தைக்கு வந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தை வண்டிக்குள் வாந்தியெடுத்துவிட்டது. வழியில் ஒரு ஊருணி பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். “தாயே, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பிள்ள, நீங்கதான் கழுவணும்,” என்றார், அத்தனை பணிவாக. அவள் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, தன் முந்தானையை நனைத்து நனைத்துப் பலகையைத் துடைத்தாள். அவர் பக்கத்தில் நின்று, “அந்த மூலையில தாயே, அந்தா, இன்னும் கொஞ்சம்,” என்று காட்டிக்கொடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. வண்டியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். “அதான்யா முறை. இப்படி இருந்தாத்தான் வண்டி வண்டியா இருக்கும்,” என்றார் ஒருவர். யாரும் எழுந்து அவளுக்கு உதவவில்லை. நானும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவர் அன்றைக்கு அந்தப் பிரசவப் பெண்ணை ஏற்றிக்கொண்டதே ஊருக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்திருக்கும்.

கீரனூருக்கு முன்னால் ஒரு பிரிவு ரோட்டில் அவர்கள் மாட்டுவண்டியோடு காத்திருந்தார்கள். முதல் நாளிலிருந்து வலியாம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையில் இல்லை, டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். காடு கழனி வைத்துப் பிழைக்கிற குடும்பம். மாடு அவ்வளவு தூரம் தாங்காது என்று பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். புருஷன் வண்டியின் குறுக்கே வந்து கைகூப்பினான்.

கண்டக்டர் இறங்கினார். அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவில்லை. சேலையைத்தான் பார்த்தார். அது நனைந்திருந்தது.

“உள்ள ஏத்த முடியாதேப்பா,” என்றார்.

“ஐயா, ரெண்டு உசுருய்யா!”

“நான் இல்லைங்கலையே. காலையிலதான் பினாயில் போட்டுக் கழுவுனேன், நீயே பாரு. நாளைக்கி நல்லது கெட்டதுக்கு நாலு பேரு ஏறுற வண்டி.”

உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் செருமினார். ஒரு அம்மாள், “பாவம், எங்கிட்டாவது ஒரு ஓரமா...” என்று ஆரம்பித்து, தன் இருக்கையின் ஓரத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“சரி, கரிமூட்ட மேல ஏறிக்கங்க,” என்றார் கண்டக்டர். “தம்பி, கொஞ்சம் தள்ளி இடம் விடு.” எனக்குப் பக்கத்தில், அடுப்பை ஒட்டி, அவளைப் படுக்கவைத்தோம். அடுப்பின் அனலில் கோழியையே சுட்டுவிடலாம். புகை வேறு. ஆத்தா காசைச் செம்பில் போட்டாள். கண்டக்டர் பெருவிரலை நாக்கில் தேய்த்து டிக்கெட்டுகளைக் கிழித்தார். “எதையும் தொலச்சிராதீங்க. செக்கர் ஏறி டிக்கெட் இல்லைன்னா எறக்கி விட்ருவாரு. அப்பறம் எம்மேல குத்தம் சொல்லக்கூடாது.”

பயந்துபோய் அந்தப் பெண் தன் டிக்கெட்டைத் தானே வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் அந்த மூடிய கையால் மூட்டையைக் குத்தினாள். ஒரு கையால் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். “டவுனு வந்திருச்சாண்ணே? டவுனு வந்திருச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

திருக்கோகர்ணத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கண்டக்டர் மணியடித்தார். வண்டி நின்றது. பின்பக்கம் வந்தார். மூட்டைச் சாக்கில் ரத்தம் பரவியிருந்ததைப் பார்த்து மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“டவுன் வந்திருச்சு, எறங்கிக்கங்க. இந்தா கிட்டத்துலதான் ஆஸ்பத்திரி, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

டவுனைப் பார்த்திராத புருஷன் அதை நம்பினான். கும்பிட்டுவிட்டு இறங்கினான். நான்தான், “என்னண்ணே, ஆஸ்பத்திரி எங்க கெடக்கு, இங்க எறக்குறீங்க?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “திருக்கோணத்துல சாஸ்திரிகள் ஏறுவாரு தம்பி. அவரு வாரப்ப இந்தக் கோலத்துல வண்டி நிக்கலாமா? நீயே சொல்லு.”

கைப்பிடியை விட்டேன். நான் விரித்துப் படுக்கிற சமக்காளத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

“எங்கிட்டுப் போற? நெருப்பு அணைஞ்சிரும்!”

நான் திரும்பவில்லை. வண்டி போய்விட்டது. அப்படித்தான் அந்தச் சமக்காளமும் நாங்களும் ரோட்டுக்கு வந்தோம்.

தூக்கி நடப்பது நினைத்ததுபோல இல்லை. அவள் திமிறும்போது முனைகள் கையிலிருந்து நழுவின. புருஷனுக்குக் கால் பின்னியது. எதிரே ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரன் குனிந்து பார்த்துவிட்டு, “மெத்தை புதுசுப்பா,” என்று சொல்லிக் குதிரையைத் தட்டினான். அவனுக்கும் ஒரு மெத்தை.

பிறகு பின்னால் ஒரு ஒற்றைமாட்டு வண்டி வந்தது. ஊர்க்குப்பையைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த கிழவர் கேட்காமலே நிறுத்தினார். “குப்பை வண்டி தாயி. வேணாம்னு சொல்லிட்டாலும் சொல்லுவீக,” என்றார் ஆத்தாளிடம்.

“சக்கரம் இருக்குல்ல? அது போதும்யா,” என்றாள் ஆத்தா.

கிழவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து வண்டிக்குள் விரித்தார். அவளை ஏற்றினோம். நாற்றம் குமட்டியது. மாடு நல்ல மாடு, ஓடியது.

திருக்கோகர்ணத்தில் கடைத்தெருவுக்கு நடுவில் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. நெருப்பு அணைந்துவிட்டது. ஏறவேண்டியவர்களும் இறங்கியவர்களும் நிழலில் நின்றார்கள். சாஸ்திரிகள் குடையைப் பிடித்தபடி தனியாக நின்றார். டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்திருந்தார். கண்டக்டர் தானே பின்னால் நின்று காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. முகத்தில் வேர்வையும் கரியும் ஓடின. சாக்கில் இருந்த ரத்தத்தின்மேல் மட்டும் படாமல் காலை அகட்டி வைத்திருந்தார்.

குப்பை வண்டி அவரை ஒட்டிப் போயிற்று. என்னைப் பார்த்தார். நான் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.

“தம்பி,” என்றார், அதே மெல்லிய குரலில். “கையக் கழுவிட்டு வந்து கொஞ்சம் சுத்திக் குடு.”

இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓடிப்போனவன் என்று திட்டவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. கை கழுவச் சொன்னார். கிழவரிடம், “வெரசா ஓட்டுங்க,” என்றேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பொழுது சாயும்போது நர்ஸம்மா வெளியே வந்து, தாய் பிழைத்துவிட்டாள், பிள்ளை இல்லை என்று சொன்னார்கள். ஆத்தா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸம்மா புருஷனைப் பார்த்து, “எதுலய்யா கொண்டாந்தீங்க? ஒடம்பெல்லாம் கரி, குப்பை...” என்று கேட்டார்கள்.

“பஸ்ஸுலதாங்க,” என்றான் அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சொன்னான்: “கண்டக்டரய்யா பெரிய மனசு பண்ணி ஏத்திக்கிட்டாருங்க. இல்லாட்டி இவளும் இல்லீங்க.”

அவன் மனதார அதைச் சொன்னான். எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியிலேயே படுத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குப் போகிற எண்ணம் இல்லை. போக வேறு இடமும் இல்லை. காலையில் வார்டு மேஸ்திரி வந்து, நேற்றுச் சமக்காளத்தோடு உள்ளே வந்தவன் நீதானே என்று கேட்டார். தரை கழுவுகிற ஆள் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டானாம்.

“பிரசவ வார்டு. நாத்தம் தாங்குவியா?”

“சுத்தமான பஸ்ஸுல வேல பாத்தவங்க நான்,” என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாளியும் பினாயிலும் துடைப்பமும் கொடுத்தார். பினாயில் மூடியைத் திறந்ததும் விடியற்காலையில் அந்த வண்டி எப்படி மணக்குமோ அப்படியே மணந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அவளை நேற்றுப் பிரசவத்துக்குக் கிடத்தியிருந்த கட்டில் இன்னும் கழுவாமல் இருந்தது. தண்ணீரை ஊற்றி, காய்ந்துபோன ரத்தத்தைக் கையாலேயே தேய்த்தேன். நகத்தால் சுரண்டியும் எடுத்தேன். அந்த ரத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. கட்டிலை நகர்த்தியபோது கீழே அந்த டிக்கெட் கிடந்தது. பிடி தளர்ந்த நேரத்தில் அவள் கையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். கசங்கி உருண்டையாகியிருந்தது. ஓரம் சிவந்திருந்தது. ரத்தம் அல்ல, வெற்றிலை.

எடுக்கக் குனிந்தேன். கை போகவில்லை. துடைப்பத்தை எடுத்தேன்.